ஞாயிறு கூட்டம்: டேவிட் கில்மரின் சிறந்த மேடை எது?

வணக்கம் நண்பர்களே. பிங்க் ஃபிளாய்ட் ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் கில்மர் பற்றி நம் குழுவில் நடக்கும் ஓயாத சண்டையை வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கேட்டே தீர்ப்போம். இடம்: பெரம்பூர், வழக்கமான மொட்டை மாடி.

1. போட்டியில்: லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் (1994), போலந்தின் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளம் (2006), பாம்பேய் (2016). 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டின் கடைசி சோலோ (தனி கிதார் வாசிப்பு) மட்டும்.

2. கச்சேரிக் கூட்டத்தில் நின்று ரசிகர்கள் போனில் எடுத்த வீடியோ வேண்டாம். சத்தம் ஏறினால் போன் தானாகக் குறைத்துவிடும், சோலோ தட்டையாகிவிடும்.

3. மூன்றும் ஒரே சத்த அளவில் ஓடும். கொஞ்சம் கூடினாலும் காது அதையே நல்லது என்னும். பாதிச் சண்டைக்குக் காரணமே இதுதான்.

4. எது எந்த ஊர் என்று சொல்ல மாட்டோம். சீட்டில் எண் எழுதுங்கள். கதான்ஸ்கில் மறைந்த பிங்க் ஃபிளாய்ட் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் இருந்தாரே என்று அனுதாப ஓட்டு கூடாது!

5. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடவும். ஆக்ஸ் கேபிள் (போனை ஸ்பீக்கரோடு இணைக்கும் வயர்) இருப்பவர் சொல்லவும்.