தோற்ற பையனை ஓட விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிக் கபடிப் போட்டி முடிந்ததும் மைதான ஓரத்தில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது: கடைசி ரெய்டில், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போனபோது, பிடிபட்ட பையனை எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பயிற்சியாளர் வறுத்தெடுப்பார். தண்டனையாகப் பத்து ரவுண்டு ஓட்டம் வேறு. அந்த நேரத்தில் எது சொன்னாலும் காதில் ஏறாது. தண்ணீர் குடிக்கட்டும், முட்டிச் சிராய்ப்பைக் கழுவட்டும், எதிரணிக்குக் கை கொடுக்கட்டும். இரண்டு நிமிடம் பேசி அனுப்பிவிடலாம்.

தவறை மறுநாள் களத்தில், அந்தப் பிள்ளையிடம் மட்டும் பேச வேண்டும். பாடி வந்த ரெய்டரைப் பிடிக்கத் தவறியவனிடம் "ஏன்டா விட்டே?" என்பது கேள்வியே அல்ல. "நீ பாயும்போது ரெய்டர் எந்தக் காலை ஊன்றியிருந்தான்?" என்று கேட்டால் பதில் வரும். கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில், நிற்பவர் ரெய்டரின் கணுக்காலைத் தவறவிடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். ரெய்டர் ஏமாற்றுவதற்காக நீட்டிய காலுக்குப் பாய்ந்துவிடுகிறார். அது சட்டென்று பின்னால் போய்விடும். சரியாகப் பிடித்தும் பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரர் துணைக்கு வந்து சேராததால் ரெய்டர் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. அப்போது கார்னரைத் திட்டுவது அநியாயம். அதே பிடியைப் பாதி வேகத்தில் பத்து முறை, முழு வேகத்தில் ஐந்து முறை இருவரையும் சேர்த்துச் செய்ய வையுங்கள்.

எதிரில் ஐந்து பேர் நிற்கும்போது கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டப் போய் மாட்டுகிற சிறுவர்களும் இருக்கிறார்கள். ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதற்கு யாரைப் பத்து ரவுண்டு ஓட விடுவது?

– கபடிப் பயிற்சியாளர்கள் இருவர், ஒட்டன்சத்திரம்