சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திருவருகைக் கால மடல்

அன்புக்குரிய குருவானவர்களுக்கும், சபை மன்றம், பங்குப் பேரவைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கப்போகிறது. நான்கு ஞாயிறுகள், ஊதா அங்கி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுதிரி. பல சபைகளில் இரண்டாம் திரிக்குச் சமாதானம் என்று பெயர். அதை ஏற்றுகிற வாரத்திலேயே, கிறிஸ்துமஸ் விழாவுக்கு யார் தலைமை, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று கமிட்டிக் கூட்டத்தில் குரல் உயர்வதும் நடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெத்லகேமில் இயேசு பிறந்த இடமாகக் கருதப்படும் குகையின் மேல் ஒரு பேராலயம் இருக்கிறது. அதன் முன்வாசல் உயரம் சுமார் நான்கு அடிதான். தாழ்மையின் வாசல் என்பார்கள். யாரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் உள்ளே கிரேக்க ஆர்த்தடாக்ஸ், அர்மேனிய, கத்தோலிக்கத் துறவிகள் எந்த இடம் யாருக்கு, எதை யார் சுத்தம் செய்வது என்பதுவரை உரிமை பிரித்து வைத்திருக்கிறார்கள். 2011 டிசம்பரில் பண்டிகைக்காக ஆலயத்தைச் சுத்தம் செய்தபோது கிரேக்க, அர்மேனியத் துறவிகள் துடைப்பத்தால் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்துதான் விலக்கியது. 1847-இல் அந்தக் குகையிலிருந்த வெள்ளி நட்சத்திரம் களவுபோனது. அதையொட்டிய சச்சரவு, ரஷ்யாவுக்கு எதிராக நடந்த கிரிமியப் போருக்கு வழிவிட்ட காரணங்களுள் ஒன்று. அத்தனை பேரும் குனிந்து நுழைந்தவர்கள்தான்!

இயேசுவின் வருகையை முன்னறிவித்த யோவான் ஸ்நானகனைப் பாருங்கள். திருவருகைக் கால வாசகங்களில் தவறாமல் வருகிறவர். அவருடைய சீடர்கள் பதறிப்போய், எல்லாரும் இப்போது இயேசுவிடம் போகிறார்கள் என்று முறையிட்டார்கள். கூட்டம் குறைவது எந்த ஊழியருக்கும் வலிக்கிற விஷயம். யோவானோ, தன் மகிழ்ச்சி நிறைவாயிற்று என்கிறார். அதற்கு அடுத்த வரிதான் நமக்குப் பழக்கமானது: "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்." தாழ்மை பற்றிய பிரசங்கங்களில் இந்த வரி வரும், முந்தின வரியிலுள்ள மகிழ்ச்சி விட்டுப்போகும். தன் இடத்தைக் காவல் காக்கும் வேலை அவருக்கு இல்லை. அந்த வேலை இல்லாதவருக்குத்தான் இராத்திரி தூக்கம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாழ்மையை நாம் பெரும்பாலும் யாருக்குப் போதிக்கிறோம்? கணக்குக் கேட்கிற இளைஞனுக்கு, குறை சொல்கிற பெண்ணுக்கு, சம்பளம் கேட்கிற கோயில் பணியாளருக்கு. "பொறுமையா இருங்க, தாழ்மையா இருங்க." இது தாழ்மை இல்லை, வாயடைப்பு. இயேசுவின் தாய் மரியாள் பாடிய பாட்டில் அரியணையிலிருந்து இறக்கப்படுகிறவர்கள் வலியவர்கள், தாழ்ந்தவர்கள் உயர்த்தப்படுகிறார்கள். நாற்காலியில் இருக்கிறவர்தானே இறங்க முடியும்? யோவானும் தன்னிடம் வந்த போர்வீரர்களைப் பார்த்து, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்றுதான் சொன்னார். அதிகாரம் உள்ளவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த நான்கு வாரமும் அழைப்பிதழில், பேனரில் யார் பெயரும் படமும் வேண்டாம். முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டாம். சபைக் கணக்கை யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிடுங்கள். இவை சின்ன விஷயங்கள், செய்துவிடலாம்.

பெரிய விஷயம், இரண்டு அணியாகப் பிரிந்து நீதிமன்றம்வரை போன சபைகள். எதிர்த்தரப்பு முதலில் வரட்டும் என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னபோது, யார் மேல் தப்பு என்று விசாரிக்கச் சொல்லவில்லை. உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் போ, அவ்வளவுதான். ஆகவே யார் முதலில் போவது என்ற கேள்வி தீர்ந்த கேள்வி. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் விழாச் செலவுக்கு முன்னால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், யார் யார் போவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்