சின்னவள் கேட்ட எதிர்ச்சொற்கள்

கல்லடி,
ஞாயிறு இரவு.

அன்பு மகள்,

போன கிழமை உன் சின்னவள் கேட்ட இங்கிலீஷ் எதிர்ச்சொற்களுக்கு வீடியோவில் அவசரத்தில் சொன்னதில் பாதி பிழை. அவளுக்கு இதை வாசித்துக் காட்டு.

நாங்கள் ‘கள்ள’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை இங்கிலீஷில் பொருளுக்கு ஏற்றபடி பிரிப்பார்கள். கள்ளக் காசு கவுண்டர்ஃபிட். காணிக்குக் கள்ள உறுதி, கள்ளக் கையெழுத்து என்றால் ஃபோர்ஜ்ட். கொல்லன் பட்டறைக்கும் ஃபோர்ஜ் என்றுதான் பெயர். கவுண்டர்ஃபிட், ஃபோர்ஜ்ட் இரண்டுக்கும் எதிர் ஜெனுயின். ஃபால்ஸுக்கு எதிர் ட்ரூ. ஆனால் என் கட்டுப்பல் ஃபால்ஸ் டீத். அதற்கு எதிராக ட்ரூ டீத் என்று எழுதினால் டீச்சர் பிழை போடுவா. ரியல் அல்லது நேச்சுரல் என்று எழுதட்டும். ஆர்ட்டிஃபிஷல் என்றால் ஏமாற்று என்று நினைக்கக்கூடாது. பக்கத்து வீட்டு மாமாவின் கால் ஆர்ட்டிஃபிஷல்தான். அந்தக் காலோடுதான் அவர் தினமும் கடற்கரைக்குப் போய் வருகிறார்.

பிள்ளை நல்ல கேள்வி கேட்கிறாள். உன்னைப் போலவே. மாமரம் இந்த முறை நிறையக் காய்த்திருக்கிறது. அம்மாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அன்றைக்கு நீ கமராவுக்கு முன்னால் வரவில்லை. ‘நல்லா இருக்கிறன் அப்பா’ என்று குரல் மட்டும் வந்தது. மூன்று மாதமாக அதே வசனம்தான். முப்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரை திருத்தியவன் நான், பாடமாக்கிச் சொல்வது எனக்குக் கேட்கும் மகள். அம்மாவுக்காவது எடுத்துக் கதைத்திருக்கலாம். அப்பா எங்கே என்று சின்னவளிடம் கேட்டேன். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கலியாணம் பேசி வந்தபோது, ‘விசாரிச்சீங்களா அப்பா?’ என்று நீ கேட்டாய். ‘விசாரிச்சன், ஜெனுயினான ஆட்கள்’ என்றேன். நான் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. வெளிநாட்டு இடம், கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். அந்தச் சொல்லை உனக்குப் படிப்பித்ததும் நான்தான். இது அம்மாவுக்கும் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கென்று கட்டிய வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள், நான்தான் விடச் சொன்னேன். உறுதி உன் பெயரில் அலுமாரிக்குள் இருக்கிறது. கிணறு இறைத்தாயிற்று, ஓடும் மாற்றியாயிற்று. முன் அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று சின்னவளிடம் கேட்டுச் சொல்.

அப்பா