தொட்டியின் கொள்ளளவும் குழாயின் அழுத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பெங்களூரு அடுக்ககங்களின் மேல்தளக் குழாய்களில் நீர் மெலிந்து வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பெரிய தொட்டி வைத்தால் நீரழுத்தம் கூடும் என்று கூறியிருந்தது. இது சரியன்று. நீர்ம அழுத்தம் என்பது ஓர் அலகுப் பரப்பின் மீது நீர்மம் செங்குத்தாகச் செலுத்தும் விசை. அசையாது நிற்கும் நீரில், வளிமண்டல அழுத்தம் நீங்கலாக, அது அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் ஆகிய மூன்றை மட்டுமே சார்ந்தது என்பதால், ஆயிரம் லிட்டர் தொட்டியும் பத்தாயிரம் லிட்டர் தொட்டியும் ஒரே நீர்மட்டத்தில் இருந்தால் கீழேயுள்ள குழாயில் ஒரே அழுத்தத்தையே தரும். கலத்தின் வடிவம் பொருட்டன்று என்பதை 1586-லேயே கணித, இயற்பியல் அறிஞர் சைமன் ஸ்டெவின் விளக்கிவிட்டார். 10 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழேயுள்ள மேல்தளக் குழாய்க்கோ 0.2 பார்தான், அதிலும் நீர் ஓடும்போது குழாயின் உராய்வில் ஒரு பகுதி இழக்கப்படும். எனவே தொட்டியை உயர்த்துவதோ, அழுத்தம் கூட்டும் பம்பு பொருத்துவதோ, அகலமான குழாய் பதிப்பதோதான் பயன் தரும். மொட்டைமாடி தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமலே யாரும் பெரிய தொட்டியை ஏற்றிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறேன். திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு.