கோமாளி வேட்பாளர் என்று ஒதுக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் டெபாசிட் பணத்தைச் சில்லறையாக மூட்டை கட்டி வருகிறவர், கழுதையோடு மனு கொடுக்க வருகிறவர் என்று பத்திரிகைகளில் படம் வருகிறது. அத்தோடு சரி. அந்த ஆள் வார்டுக்கு என்ன செய்வதாகச் சொன்னார், எத்தனை ஓட்டு வாங்கினார், ஒன்றும் வருவதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஹங்கேரியில் ‘இரண்டு வால் நாய்க் கட்சி’ என்று ஒன்று இருக்கிறது. 2006-இல் கிண்டலாகத் தொடங்கி, 2014-இல் முறைப்படி பதிவானது. சாகாவரம், இலவச பீர், தினமும் இரண்டு சூரிய அஸ்தமனம், இதெல்லாம் அவர்கள் கொடுத்த வாக்குறுதி. இதுவரைக்கும் சொன்னால் நம் ஊரிலும் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அதே ஆட்கள்தான் பெயர்ந்து கிடந்த நடைபாதைக்குக் கலர் கலராகப் பெயின்ட் அடித்தார்கள், பஸ் ஸ்டாப்பைச் சரிசெய்தார்கள். 2018 நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு சதவீத ஓட்டுகூட வரவில்லை, சீட்டும் இல்லை, ஆனாலும் அந்த ஓட்டுக்காக அரசு கொடுத்த கட்சி நிதியை, பொதுமக்கள் கேட்ட சின்னச் சின்ன ஊர் வேலைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2024 ஜூனில் புடாபெஸ்ட்டின் 12-ஆவது வட்டாரத்தில், அப்போதைய ஆளுங்கட்சி பல வருடம் கையில் வைத்திருந்த இடத்தில், கட்சித் தலைவர் கெர்கெய் கோவாச் மேயராகவே ஜெயித்துவிட்டார்!

நம் மாநிலத்துக்கும் இது அந்நியமில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் எதிர்ப்பைக் காட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வைத்தார்கள். அந்த விவசாயிகளை யாரும் கோமாளி என்று சொல்ல முடியாது.

வேலூருக்கு இது ரொம்பவே தேவை. 2019-இல் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட்டில் போய் ஓட்டுப் போட்ட ஊர் இது. மாநகராட்சியில் 60 வார்டு. வார்டு தேர்தலில் சில நூறு ஓட்டு போதும், ஆள் மாறிவிடும். பெரிய கட்சியும் பணமும் இல்லாதவர்கள் நுழையக்கூடிய ஒரே இடம் அதுதான்.

எங்கள் பக்கம் தெருவில் குழி விழுந்தால், ராத்திரி டூவீலரில் வருகிறவன் விழுந்து தொலைக்கக்கூடாது என்று யாராவது ஒரு வேப்பங்கிளையை ஒடித்து நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போவார்கள். இலை காய்ந்து கொட்டிவிடும், குழி அப்படியே இருக்கும். அந்தக் கிளையை நடுகிறவர்தான் என் கணக்கில் கவுன்சிலர். அவரைப் போல நாலு பேர் சேர்ந்து, என்ன கோணங்கிப் பெயர் வைத்துக்கொண்டு சுயேச்சையாக நின்றாலும், பிரியாணியும் டோக்கனும் கொடுக்காவிட்டாலும், என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மனு கொடுக்க வருகிற எல்லோரிடமும், கொடி கட்டிய காரில் வருகிறவர் உட்பட, உங்கள் வார்டில் எந்தெந்தக் கால்வாய்க்கு மூடி இல்லை என்று நிருபர்கள் கேட்கட்டும். பதிலைப் பெயரோடு போடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.