கரிசல் மண்ணில் ஒரு கராஜ்

கோவில்பட்டி

அன்பு மகளுக்கு,

உன் கராஜில் காரைத் தூக்கி நிறுத்த வாங்கலாமா என்று நீ அனுப்பிய மூன்று லிஃப்டுகளின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், தாயி. போனில் பதில் சொல்லத் தொடங்கினால் பேரன் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறான். இது பாதியில் விடக்கூடிய பேச்சு அல்ல. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இனி ஆயில் மாற்றுவதும் பிரேக் பேட் மாற்றுவதும் நீயே செய்யப்போகிறாய் என்று கேட்டதும் அம்மா பதறிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து வயதில் பட்டறையில் என் பக்கத்தில் குந்தியிருந்து, நான் கேட்பதற்கு முன்பே பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டியவள் நீ. அந்தக் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

மூன்றில் உன் மனம் போயிருப்பது இரண்டு தூண் வைத்த மேக்ஸ்ஜாக்ஸ் மீது என்று புரிகிறது. நல்ல பொருள்தான். வேலை இல்லாதபோது தூண்களை உருட்டி ஓரமாக நிறுத்திவிடலாம். வேலை வரும்போது தரையில் போல்ட் முடுக்கினால் போதும், வண்டி நான்கடி உயரம் ஏறும். முக்காலி போட்டு உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், முதுகு பிழைக்கும். கடைக்கு நான் வந்திருந்தால் நானும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்திருப்பேன். ஆனால் உன் வீட்டுக்கு அது கூடாது. குறை லிஃப்டில் இல்லை, தரையில் இருக்கிறது.

போன வருடம் டல்லாஸில் உங்களோடு இருந்த மூன்று மாதமும் காலையில் நடக்கப் போவேன் அல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் செடியே இல்லாத இடத்தில், சுவரை ஒட்டி ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். யாருக்குத் தண்ணீர் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அஸ்திவாரத்துக்கு என்றார். அப்போதுதான் குனிந்து மண்ணைப் பார்த்தேன். கையில் எடுத்துப் பிசைந்தேன். நம் ஊர்க் கரிசல், தாயி! டல்லாஸிலிருந்து சான் அன்டோனியோ பக்கம் வரை அந்தக் கறுப்பு மண்தான் ஓடுகிறதாம். அதில் ஒரு வகைக்கு ஹூஸ்டன் பிளாக் என்றே பெயராம். அங்கும் ஒரு காலத்தில் அதில் பருத்திதான் விளைந்திருக்கிறது. ஈரம் பட்டால் உப்பும், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நம் வீட்டுத் தெற்குச் சுவரில் நீ பென்சிலால் தேதி போட்டு அளந்துவந்த விரிசல் நினைவிருக்கிறதா? அதே மண்.

அந்த மண்ணில் வீடு கட்டுகிறவர்கள் தரை உடையாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் முறுக்குக் கம்பிகளை உறையோடு விட்டு, கான்கிரீட் இறுகியதும் இரு முனைகளையும் ஜாக்கியால் இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு கம்பியும் சுமார் 15 டன் இழுவையில் விறைத்துக்கொண்டு, தரையைக் கட்டிப்பிடித்தபடி கிடக்கிறது. உன் கராஜ் வாசலில், கதவு வந்து உட்காரும் இடத்துக்கு ஒரு சாண் உள்ளே, கான்கிரீட்டிலேயே பதித்த எழுத்துகள் இருக்கின்றன. நான் செருப்பால் தூசியைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். வெட்டாதே, துளையிடாதே என்று அர்த்தம் என்று மாப்பிள்ளை சொன்னார். துளைபோடும் இயந்திரம் அந்தக் கம்பியில் பட்டு அது அறுந்தால் தரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஆளையும் விடாது, வீட்டின் உறுதியையும் விடாது. மேக்ஸ்ஜாக்ஸ் நிற்பதற்குத் தரையில் துளை போட்டே ஆக வேண்டும். ஆகவே அதை மறந்துவிடு. கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்துத் துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தாலும் வேண்டாம். ஆயில் மாற்றுவதற்காக வீட்டின் அஸ்திவாரத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படம், கத்தரி போல் விரியும் மேடை. அதில் எனக்கு விருப்பமில்லை. வண்டியின் நடுவயிற்றை அதுவே அடைத்துக்கொள்ளும். சைலன்சர் குழாயையோ கியர் பெட்டியையோ தொட வேண்டுமானால் கை போகாது. டயருக்கும் பிரேக்குக்கும் மட்டும் சரி.

மூன்றாவதுதான் உனக்குப் பொருந்தும். குயிக்ஜாக் போன்ற இரட்டைச் சட்டம். வண்டியின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகத் தரையில் தள்ளிவிடும் சட்டங்கள். மடங்கிக் கிடக்கும்போது மூன்று அங்குல உயரம்தான் இருக்கும். தரையில் ஒரு துளைகூட வேண்டாம். வேலை முடிந்தால் சுவரில் சாய்த்துவிடலாம். 110 வோல்ட்டில் ஓடுவதும் கிடைக்கிறது, கார் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுவதும் கிடைக்கிறது. உனக்கு வீட்டு மின்சாரமே போதும். உயரம் ஒன்றேமுக்கால் அடி அளவுக்குத்தான் வரும். உட்கார முடியாது, சக்கரம் வைத்த பலகையில் படுத்துத்தான் உள்ளே போக வேண்டும். உன் வேலைக்கு அது போதும்.

எந்த அளவு வாங்குவது என்பதில்தான் நீ அவசரப்படுகிறாய் என்று தோன்றுகிறது. 5,000 பவுண்ட் மாடல் விலை குறைவு என்று எழுதியிருக்கிறாய். 5,000 பவுண்ட் என்றால் 2,268 கிலோ. உங்கள் ஹோண்டா ஒடிஸி வெறும் வண்டியாகவே ஏறத்தாழ 2,050 கிலோ. பின்னால் பேரனின் சைக்கிள், டிக்கியில் நீ இறக்க மறக்கும் அரிசி மூட்டை, டேங்க் நிறையப் பெட்ரோல், இவையெல்லாம் சேர்ந்தால் என்ன மிச்சம்? அதோடு எஞ்சினும் கியர் பெட்டியும் முன்னால் இருக்கிற வண்டி, பாரம் நான்கு மூலைக்கும் சமமாக இறங்காது. 7,000 பவுண்ட் மாடலை வாங்கு. விலை வித்தியாசத்தை நான் தருகிறேன் என்று சொன்னால் நீ கோபப்படுவாய், இருந்தாலும் சொல்கிறேன்.

நீளமும் முக்கியம். ஒடிஸியின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை மூன்று மீட்டர். ஜாக்கி வைக்கும் இடங்கள் முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் கீழ் விளிம்பில் குறி போட்டு இருக்கும். வண்டிப் புத்தகத்தில் படம் இருக்கிறது. அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே டேப் வைத்து அளந்துகொள். நீ வாங்கும் சட்டத்தில் வண்டியைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் எந்த நீளத்துக்குள் நகரும் என்று போட்டிருப்பார்கள். உன் அளவு அதற்குள் நிம்மதியாக அடங்க வேண்டும். கட்டை சட்டத்தின் நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும்படி இருந்தால் அந்த மாடல் உன் வண்டிக்கு இல்லை.

ஏ.எல்.ஐ. (ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட்) என்று 1945 முதல் அங்கே லிஃப்ட் தயாரிப்பாளர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. வெளிச் சோதனைக்கூடத்தில் தேறிய லிஃப்டுக்குத் தங்க நிற வில்லை ஒட்டுவார்கள். எந்த மாடலுக்கு அது உண்டு என்ற பட்டியலை அவர்களே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். விற்கிறவர் வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ளாதே, மாடல் எண்ணைப் போட்டுப் பார்.

இனி எழுதப்போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நீ பிறப்பதற்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். சாத்தூர் தாண்டி ரோட்டில் ஒரு தீப்பெட்டி லோடு லாரி பின் டயர் வெடித்து நின்றது. நானும் என்னிடம் வேலை பழகிய பையனும் போனோம். உச்சி வெயில். ஜாக்கிக்கு அடியில் போடும் பலகை பட்டறையிலேயே கிடந்தது. முட்டுக் கொடுக்கும் கட்டையையும் எடுத்து வரவில்லை. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். அச்சு மேலே எழும்பியது. ஒரு நட் உள்ளே உருண்டு போனது. பையன் கையை விட்டுத் துழாவினான். அப்போது ஜாக்கியின் அடித்தட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தாரில் அமுங்கியிருந்தது. விளிம்பைச் சுற்றித் தார் மிட்டாய்ப் பாகு போல மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், தாயி. பார்த்தும் கையை எடு என்று சொல்லவில்லை. சீக்கிரம் என்றுதான் சொன்னேன்.

டீக்கடை மாமாவின் வலது கை ஏன் மடங்கியே இருக்கிறது என்று நீ சிறுமியாக இருக்கும்போது கேட்டாய். பிறவியிலேயே அப்படி என்று சொன்னேன். அது பொய். மதுரையில் இரண்டு மாதம் கிடந்தார். அதன்பிறகு ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை, கடை போட்டார். உனக்கு ஒருநாள்கூடக் கடலை மிட்டாய்க்குக் காசு வாங்கியதில்லை அவர்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். எண்ணெய் தூக்கலாம், தாங்குவது இரும்பாகத்தான் இருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் எந்த ஹைட்ராலிக்கிலும் ஒரு வாஷர் கிழிந்தால், ஒரு குழாய் கசிந்தால் பாரம் இறங்கிவிடும். நீ வாங்கப்போகும் சட்டத்தில் இரண்டு உயரங்களில் பூட்டு உண்டு. மேலே ஏற்றியதும் பூட்டுக் கம்பி இரண்டு பக்கமும் விழுந்துவிட்டதா என்று தனித்தனியாகக் குனிந்து கண்ணால் பார். பிறகு சற்று இறக்கி, பாரம் முழுவதையும் பூட்டின் மேல் உட்கார வை. சத்தம் கேட்டது என்பதை நம்பாதே. அதற்கு முன்பு, சக்கரம் தரையை விட்டு நாலு விரல் எழும்பியதும் நிறுத்தி, வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கிப் பார். அசையும் கட்டை அப்போதே தெரிந்துவிடும்.

தரையில் பேரனின் கோலிக்குண்டை வைத்துப் பார். கராஜ் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சாய்ந்திருக்கும். எந்த அளவு சாய்வு வரை ஆகும் என்று லிஃப்டின் புத்தகத்தில் இருக்கும், அதற்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அந்தச் சட்டங்கள் நேராக மேலே போவதில்லை. வில் போல வளைந்து ஏறும்போது வண்டி கொஞ்சம் முன்பின் நகரும். சுவரை ஒட்டி நிறுத்தாதே. புதிதாக எண்ணெய் ஊற்றியதும் வண்டி இல்லாமல் பலமுறை ஏற்றி இறக்கி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்று. காற்று நின்றால் ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும்.

அதற்கு மேலும், வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கிக்கொள். பல் வைத்த வகை வேண்டாம், குறுக்கே பின் செருகும் வகையாகப் பார். 2020இல் உங்கள் நாட்டில் பல் வைத்த ஸ்டாண்டுகளைப் பதினேழு லட்சம் அளவுக்குத் திரும்பப் பெற்றார்களே, கொக்கி பல்லில் சரியாக உட்காராமல் நழுவுகிறது என்று. மாற்றாகக் கொடுத்ததில் வெல்டிங் சரியில்லை என்று அதிலும் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார்கள். டயரைக் கழற்றினால் கழற்றிய டயரை வண்டிக்கு அடியில் தள்ளிவிடு. லாரிக்காரர்கள் ஸ்டெப்னியை அப்படித்தான் தள்ளுவார்கள். செலவில்லாத பாதுகாப்பு அது.

தனியாக இருக்கும் நாளில் அடியில் போகாதே. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது செய். பேரன் கராஜுக்குள் வர வேண்டுமானால் வண்டி தரையில் இருக்கும்போது வரட்டும். அவனையும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் பழக்கு, நம்பர் கற்றுக்கொள்வான்.

அந்தச் சித்திரை மாதத்தை உனக்கு எழுதலாமா என்று நேற்று மாமாவிடம் கேட்டேன். எழுது என்றார். மூன்றாவது லிஃப்டின் படத்தையும் காட்டினேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இடது கை விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். விலையைக் கேட்கவில்லை. எவ்வளவு எடை தூக்கும் என்று கேட்கவில்லை.

"இதில் பூட்டு எங்கே இருக்கிறது?" என்றார்.

உன்
அப்பா