கிடங்கில் இருந்தாலும் அது ஊரின் சொத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

பணத் தட்டுப்பாடு வந்தால் சில நகராட்சிகளின் கண் ஊர்க் கலைக்கூடத்தின் கிடங்கு மீது விழுகிறது. ‘யாரும் பார்க்காத ஓவியம்தானே, விற்றால் என்ன?’ என்கிறார்கள். கேட்கும்போதே கோபம் வருகிறது. யாரும் பார்க்க முடியாமல் பூட்டி வைத்தது யார்?

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகராட்சி 2014-இல் செகெம்கா என்ற எகிப்தியச் சிலையை ஏலம் விட்டது. நாலாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. ஏறத்தாழ 1.58 கோடி பவுண்டுக்குப் போனது. அதிலும் ஒரு பங்கை, சிலையை நன்கொடையாகத் தந்த பிரபுக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் இங்கிலாந்தில் அருங்காட்சியகங்களுக்கு அங்கீகாரம் தரும் கலை மன்றம், அந்த ஊர் அருங்காட்சியகங்களின் அங்கீகாரத்தைப் பறித்தது. அதோடு சில மானியங்களும் எட்டாமல் போயின. கொடுத்த பொருளை ஏலத்துக்கு அனுப்பும் இடத்துக்கு இனி யார் நம்பிக் கொடுப்பார்கள்?

மக்களிடம் கேட்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரம் இருக்கிறது. அங்கே கலைக்கூடத்தில் இரவலாக மாட்டியிருந்த இரண்டு பிக்காசோ ஓவியங்கள் 1967-இல் விற்பனைக்கு வந்தன. விலை 84 லட்சம் பிராங்க். அதில் 60 லட்சத்தை வரிப்பணத்திலிருந்து கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் சரி என்றார்கள். மீதியைத் தெருத்தெருவாக விழா நடத்தித் திரட்டினார்கள். செய்தி கேட்டு நெகிழ்ந்த பிக்காசோ, மேலும் நான்கு படைப்புகளைச் சும்மாவே கொடுத்தார்.

பாஸல் பணக்கார ஊர்தான். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கிலும் 1900-இல் ஊரார் சந்தா போட்டுத்தான் ஃபிரெடரிக் மெக்கபினின் ஓவியம் ஒன்றைத் தங்கள் கலைக்கூடத்துக்கு வாங்கினார்கள். காட்டு நடுவே ஒரு புதைகுழி, அதைச் சுற்றிச் சில குடியேறிகள். தங்கள் தாய் தந்தையர் பட்ட பாட்டை அதில் கண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இன்றும் அது அந்த ஊரில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பெருநகரத்துக்குப் போகாமலேயே அதன் முன்னால் நிற்கலாம்.

ஊர்க் கலைக்கூடங்களை நடத்துவோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கிடங்கில் என்னென்ன இருக்கிறது, யார் கொடுத்தது என்ற பட்டியலை வெளியிடுங்கள். சுவரில் உள்ளதை அடிக்கடி மாற்றுங்கள். நூலகத்துக்கும் பள்ளிக்கும் சிலவற்றை இரவல் கொடுங்கள். எதையாவது விற்கத்தான் வேண்டுமென்றால், ஏலக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஊரைக் கூட்டிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்